பூனைக்காலியும் சர்ப்பகந்தியும்: நடுக்குவாதத்தின் மாயத்தோற்றங்கள் குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குச் செல்லும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நெடுகிலும் மேற்கே மலை நம்மோடு கூடவே வருகிறது. ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் காண வருவோர் அதனை ஒரு பின்புலமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவர். 1988-இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட மலை அது. அணிலையும் புலியையும் பற்றி எழுதியவர் பலர். இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவதோ, இத்தகைய மலையடிவாரங்களில் வேலிகளிலும் புதர்களிலும் ஏறிப் படரும் ஒரு கொடியைப் பற்றி.

பூனைக்காலி என்பது அதன் பெயர். கருநீலப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காய் வளைந்திருக்கும், அதன்மேல் பொன்னிறச் சுனை அடர்ந்திருக்கும். அச்சுனை உடம்பில் பட்டால் அரிப்புத் தாங்காது. வடமொழியார் இதற்கு இரு பெயர்கள் வைத்தனர். ‘கபிகச்சு’ என்றால் குரங்குக்குச் சொறி தருவது என்று பொருள். ‘ஆத்மகுப்தா’ என்றால் தன்னைத் தானே காத்துக்கொள்வது. தமிழகத்தின் எந்த ஊர் நாட்டு மருந்துக்கடையிலும் இதன் விதை கிடைக்கும். பெரும்பாலும் உடல்வலுவுக்கும் ஆண்மைக்கும் உரிய சூரணமாகவே அது விற்கப்படுகிறது.

இந்த விதைக்கும், சர்ப்பகந்தி என்னும் இன்னொரு செடியின் வேருக்கும், மனித மூளையைப் பற்றிய அறிவின் வரலாற்றில் ஓர் இடமுண்டு. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் கண்ட முதியவர்கள் சிலர், ஆண்டுகள் செல்லச் செல்ல, இல்லாத மனிதர்களைக் காண்கின்றனர். சிலர் நடவாதவற்றை நடந்ததாக நம்புகின்றனர். ஏன் இப்படி நேர்கிறது என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் தேடிய விடை, இவ்விரு மூலிகைகளின் வழியாகவே தொடங்கிற்று எனலாம். நம் ஊர்களில் இத்தகைய பெரியவருக்குக் காற்றுக்கருப்பு அண்டிவிட்டது என்றோ, புத்தி பேதலித்துவிட்டது என்றோ சொல்லி முடித்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு. ஆகவே இவ்வரலாறு அறிவுக்கு மட்டும் உரியதன்று, வீட்டுக்கும் உரியது.

ஒரு நூலும் அதன் விடுபடலும்

1817-இல் இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுங்கும் வாதம் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆறே ஆறு நோயாளிகளைக் கொண்டு எழுதப்பட்டது அது. அவர்களுள் சிலரை அவர் தெருவில் நடந்து செல்கையில் கண்டு கவனித்திருந்தார். கை நடுக்கம், முன்குனிந்த நடை, நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறிவிடும் தன்மை ஆகியவற்றை அவர் எழுதிய முறை இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் இந்நோயில் புலன்களும் அறிவும் பழுதுறா என்றும் அவர் எழுதிவிட்டார்.

அக்கூற்று நெடுங்காலம் நிலைத்தது. நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டிய பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோவின் காலத்திலேயே மாற்றுக் குரல்கள் எழாமல் இல்லை. 1880-களின் தொடக்கத்தில் பாரிஸ் மனநல மருத்துவர் பெஞ்சமின் பால், நடுக்குவாத நோயாளிகளிடம் மனப்பிறழ்வும் காணப்படுவதை எடுத்துரைத்தார். அன்று லீவோடோப்பா இல்லை; இன்றைய மருந்துகள் எவையும் இல்லை. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

1912-இல் ஃபிரெட்ரிக் லேவி என்பவர், இந்நோயால் இறந்தோரின் மூளையில் நரம்பணுக்களுக்குள் உருண்டையான சில படிவுகளைக் கண்டார். பின்னாளில் அவை ‘லேவி உருண்டைகள்’ என்று அவர் பெயராலேயே வழங்கலாயின. 1919-இல் பாரிஸில் ஆய்வு செய்த ட்ரெட்டியாகாஃப், நடுமூளையில் கருநிறமாய்த் தோன்றும் ஒரு பட்டையில் உள்ள அணுக்கள் அழிந்துபோவதே இந்நோயின் அடையாளம் என்று காட்டினார். அதன்பின் எல்லோர் பார்வையும் அந்தக் கரும்பட்டையின் மேலேயே நிலைத்தது. லேவி முதலில் உருண்டைகளைக் கண்டதோ வேறு இடங்களில். அவற்றுள் ஒன்று மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஓர் அணுத்தொகுதி. அதை அறிஞர் உலகம் ஏறத்தாழ மறந்தே போயிற்று.

சென்னையில் ஒரு விதை

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஐரோப்பாவில் 1913-இல் குக்கன்ஹைம் என்னும் வேதியியலாளர், அங்கு உணவாகும் ஒருவகை அவரையிலிருந்து எல்-டோப்பா என்ற பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். அதனைத் தாமே உட்கொண்டு பார்த்ததில் கடும் வாந்தி கண்டதே மிச்சம். உடலுக்குப் பயனற்றது என்று அப்பொருள் ஒதுக்கப்பட்டது.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோப்பாவைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டனர். இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. நூற்பாலைகளின் சங்கொலி அவ்வூருக்குப் புதிது. மலையடிவாரத்துக் கொடியில் தொங்கும் காய்க்குள் இருப்பது இன்னதென்று சென்னையில் இருவர் கண்டறிந்த செய்தி அங்கு யாருக்கும் எட்டியிருக்க வழியில்லை. எட்டியிருந்தாலும் அதனால் யாது பயன் என்று எவராலும் சொல்லியிருக்க இயலாது. தாமோதரனும் ராமசாமியும் கூட நடுக்குவாதத்தை எண்ணி அவ்வாய்வைச் செய்தவர்கள் அல்லர். அவர்கள் கண்டெடுத்தது ஒரு சாவி. பூட்டு எது என்று தெரிய மேலும் இருபதாண்டுகள் ஆயின.

ஆயுர்வேதத்தில் ‘கம்பவாதம்’ என்ற பெயரில் நடுக்க நோய் பேசப்படுகிறது. சித்த மருத்துவர்கள் நடுக்குவாதம் என்கின்றனர். பழைய நூல்கள் கூறும் நோயும் இன்றைய பார்க்கின்சன் நோயும் முற்றும் ஒன்றே என அடித்துச் சொல்வது முறையாகாது. எனினும் வாத நோய்களுக்குப் பூனைக்காலியைப் பயன்படுத்தும் மரபு பழமையானது. 1978-இல் பம்பாய் மருத்துவர்கள் இவ்விதையை நடுக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து எழுதினர். 2004-இல் இலண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், விதைத்தூள் வழக்கமான மாத்திரையைக் காட்டிலும் விரைவாகப் பலன் தொடங்கக் கண்டனர். மரபு வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை என்பதற்கு இவை சான்று.

கல்கத்தாவில் ஒரு வேர்

பூனைக்காலியின் கதைக்கு எதிர்முனையில் நிற்பது சர்ப்பகந்தி. வட இந்தியாவில், குறிப்பாகப் பீகார், வங்காளப் பகுதிகளில், பித்தம் தலைக்கேறியவருக்கும் உறக்கமற்றவருக்கும் இதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர்கள், மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இவ்வேர் பயன்படுவதை ஆங்கில மருத்துவ உலகுக்குத் தெரியுமாறு எழுதினர். 1949-இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்பில் இதன் பயனை பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்ட பின்னரே மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் இதன் சாரமான ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து நற்பலன் கண்டார்.

ரெசர்ப்பின் கொடுக்கப்பட்டவர்கள் அமைதியடைந்தனர்; கொந்தளிப்பு அடங்கிற்று. ஆனால் அவர்களுள் சிலருக்குக் கை நடுங்கத் தொடங்கியது; உடல் விறைத்தது; முகம் சலனமற்றுப் போயிற்று. பார்ப்பதற்கு நடுக்குவாதம் கண்டவர்போல் ஆயினர். மனக்கலக்கத்தைத் தணிக்கும் மருந்து நடுக்கத்தை வருவிப்பானேன் என்ற கேள்விக்கு அன்று ஒருவரிடமும் விடையில்லை.

முயல்கள் எழுந்தன

விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. 1957-இல் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன், முயல்களுக்கு ரெசர்ப்பின் ஊசி போட்டார். அவை அசைவற்றுக் கிடந்தன. மூளையில் செரட்டோனின் குறைந்ததே காரணம் என்பது அன்றைய கருத்து. அதன் மூலப்பொருளைக் கொடுத்துப் பார்த்ததில் முயல்கள் எழவில்லை. டோப்பாவைக் கொடுத்ததும் சில நிமிடங்களில் எழுந்து நடமாடின. டோப்பா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. அசைவுக்கு வேண்டியது டோபமைன் என்பது தெளிவாயிற்று. கார்ல்சன் பயன்படுத்திய டோப்பா ஆய்வுக்கூடச் சரக்குதான். எனினும் சென்னையில் பூனைக்காலி விதைக்குள் காணப்பட்ட மூலக்கூறும் அதுவே. கல்கத்தாவின் வேரும் சென்னையின் விதையும் ஒரு முயலின் உடலில் இவ்வாறு சந்தித்துக்கொண்டன. இக்கண்டுபிடிப்புகளுக்காகக் கார்ல்சன் 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகிவிச்சும், நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினர். 1961-இல் அங்கேயே நோயாளிகளுக்கு எல்-டோப்பா ஊசி போடப்பட்டது. 1967-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோப்பாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து நிலையான பலன் கண்டார். படுக்கையே கதியாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஆலிவர் சாக்ஸ் 1973-இல் எழுதிய ‘அவேக்கனிங்ஸ்’ நூலை வாசித்தவர்கள் அந்த நாட்களின் வியப்பை அறிவர். அந்நூலில் மகிழ்ச்சிக்குப் பின் வரும் இருளையும் அவர் மறைக்கவில்லை. எழுந்தவர்களுள் சிலர் கிளர்ச்சியுற்றனர். சிலர் இல்லாதவற்றைக் கண்டனர். மருந்தைக் கூட்டினால் மனம் கலங்கியது, குறைத்தால் உடல் உறைந்தது.

இப்போது படம் முழுமையடைந்ததுபோல் தோன்றியது. சர்ப்பகந்தி டோபமைனைக் குறைக்கிறது. மனம் அடங்குகிறது, உடல் நடுங்குகிறது. பூனைக்காலியின் சத்து டோபமைனைக் கூட்டுகிறது. உடல் எழுகிறது, மனம் அலைபாய்கிறது. ஒரே தராசின் இரு தட்டுகள். நடுக்குவாத நோயாளி மாயத்தோற்றம் காண்பது மருந்து மிகுந்ததன் விளைவே என்று மருத்துவர் பலர் நெடுநாள் கருதி வந்தனர்.

வடித்துக் கொட்டும் நீர்

அந்தத் தராசு பொய்யன்று என்பதற்கு ஒரு கொடிய சான்று ஆப்பிரிக்காவில் கிடைத்தது. 1989-இல் மொசாம்பிக் நாட்டின் வடக்கே நம்புலா மாகாணத்தில், உள்நாட்டுப் போரும் வறட்சியும் சேர்ந்து மக்களைப் பசியில் தள்ளியிருந்த நேரம். அங்கு 203 பேருக்குத் திடீரென மனப்பிறழ்வு கண்டது. தலைவலி, படபடப்பு, குழப்பம், மாயத்தோற்றம், யாரோ தம்மைக் கெடுக்க முயல்கிறார்கள் என்ற அச்சம் என அறிகுறிகள் விரிந்தன. அவர்கள் உண்டது பூனைக்காலி விதை. அங்குள்ளோர் அதை உண்பது புதிதன்று. பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிவிட்டு உண்பர். வறட்சியில் கொட்டுவதற்கு நீரேது? வடிக்காமல் உண்டனர். 1990-இல் ‘லான்செட்’ இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

இதை வாசிக்கையில் நம் மலைகளை நினையாமல் இருக்க முடியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பழங்குடியினர் பூனைக்காலி விதையைப் பலமுறை வேகவைத்து நீரை வடித்தபின் உண்பதைத் தமிழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் செண்பகத்தோப்புப் பக்கம் வாழும் பளியர்களும் இந்தத் தென்மலைக் குடிகளுள் ஒரு பிரிவினரே. விதையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு எல்-டோப்பா இருக்கக்கூடும். வகைக்கு வகை அது மாறும். அச்சத்து நீரில் கரைவது. வேதியியல் அறியாத ஒரு பாட்டி வடித்துக் கொட்டும் அந்தக் கரிய நீரில் கலந்து போவது, ஓர் உயிர்வேதியியல் கூடம் 1937-இல் பெயரிட்டு அடையாளம் காட்டிய அதே பொருள்தான். உணவையும் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கும் கோட்டை அவர்கள் அடுப்படியிலேயே வரைந்து வைத்திருந்தனர். நீரைக் கொட்டும் வசதி பறிபோனால் அக்கோடு அழிந்துவிடும் என்பதை மொசாம்பிக் காட்டிற்று.

தராசே மாறினால்?

ஆயினும் நடுக்குவாத நோயாளியின் மாயத்தோற்றத்தைத் தராசு ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது என்பது பின்னர் புலப்பட்டது. மாயத்தோற்றம் காணும் நோயாளிகள் சிலருக்கு, சிகாகோவைச் சேர்ந்த கோட்ஸ் குழுவினர் லீவோடோப்பாவை நரம்பு வழியே மிகுதியாகச் செலுத்திப் பார்த்து 1998-இல் எழுதினர். மாயத்தோற்றம் தூண்டப்படவில்லை. மருந்தின் அளவே காரணமென்றால் அது நிகழ்ந்திருக்க வேண்டுமன்றோ? லீவோடோப்பா பிறப்பதற்கு முன்பே பெஞ்சமின் பால் எழுதியதை இங்கே நினைவுகூர வேண்டும். மருந்து தூண்டுகோலாகலாம், தூண்டப்படுவதற்கு ஏற்ற மாற்றம் மூளையில் முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும்.

அம்மாற்றங்களைக் கடந்த கால் நூற்றாண்டு ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்துள்ளது. 1997-இல் லேவி உருண்டைகளின் முதன்மைச் சரக்கு ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் என்று தெரிந்தது. 2003-இல் ஜெர்மனியின் பிராக் குழுவினர், இவ்வுருண்டைகள் மூளைத்தண்டின் அடியிலும் முகர்ச்சி நரம்புப் பகுதியிலும் தொடங்கி, ஆண்டுகள் கடக்கையில் மேல்நோக்கிப் பரவுவதாக ஒரு வரைபடம் தந்தனர். கரும்பட்டை அப்பயணத்தின் இடைநிலை ஊர் மட்டுமே. 2002-இல் சிட்னி ஆய்வாளர்கள், மாயக்காட்சி கண்டவர்களின் மூளையில் பொட்டுமடலின் உட்பகுதிகளில், அதாவது அச்சத்தையும் உணர்ச்சியையும் ஆளும் அமிக்டலாவிலும் அதன் அண்டையிலும், இவ்வுருண்டைகள் மிகுந்திருப்பதைக் கண்டனர். காட்சிக்குப் பொருள் கொடுக்கும் நினைவின் வாசலிலேயே சிதைவு நேர்கிறது.

இரண்டாவது, பார்வையின் வழியில் நேரும் குறை. விழித்திரையும் டோபமைனைக் கொண்டே இயங்குவது. நடுக்குவாதத்தில் ஒளி நிழல் வேறுபாட்டைக் காணும் திறன் மங்குகிறது. மாயத்தோற்றம் காண்போரிடம், கண் அனுப்பும் செய்தியை ஏற்கும் பிற்பகுதி மூளையின் செயல்பாடு குறைந்தும், தன்னுள் ஆழ்ந்து நினைவுகளை அசைபோடும் வலையமைப்பு மிகுந்தும் இருப்பதைப் படப்பதிவு ஆய்வுகள் சுட்டுகின்றன. வெளியிலிருந்து வரும் செய்தி அரைகுறையாகும்போது, உள்ளிருக்கும் நினைவு இடைவெளியை நிரப்புகிறது. அந்தி மங்கலில் கொடியில் தொங்கும் வேட்டி ஒரு மனிதனாவது இவ்வாறுதான்.

மூன்றாவது, அசிட்டைல்கோலின். கவனத்தை ஒருமுகப்படுத்தும் இவ்வேதிப்பொருளை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்பும் அணுத்தொகுதி, லேவி 1912-இல் உருண்டைகளைக் கண்ட அதே அடிமூளைப் பகுதியில்தான் உள்ளது. மறக்கப்பட்ட அந்த இடம் ஏறத்தாழ எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் முன்னுக்கு வந்தது. அதன் சிதைவு மறதியோடும் மாயத்தோற்றத்தோடும் தொடர்புடையது. நான்காவது, செரட்டோனின். மாயக்காட்சி காண்போரின் பார்வைப் பாதையில் செரட்டோனினை ஏற்கும் ஒருவகை ஏற்பிகள் மிகுந்திருப்பதாக 2010-இல் ஓர் ஆய்வு கண்டது. அவ்வேற்பியின் மேல் செயல்படும் பிமாவான்செரின் என்னும் மருந்து 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டோபமைனைத் தொடாமலே மாயத்தோற்றத்தைத் தணிக்கலாம் என்பதற்கு அது சான்று. இவற்றோடு உறக்கமும் குலைகிறது; கனவுக்குரிய உறக்கநிலை விழிப்புக்குள் கசிவதும் ஒரு காரணமாகலாம் என்பர்.

ஆக, தட்டில் வைக்கும் எடை ஒருபுறமிருக்க, தராசின் கோலே நாளடைவில் வளைந்துவிடுகிறது. இரு மூலிகைகளின் வரலாறு நமக்கு முதற்பாதியைக் கற்பித்தது. மறுபாதியைக் கற்பித்தவர்கள், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளித்த பெயர் தெரியாத நோயாளிகள்.

வீட்டு முற்றத்தில்

இது அரிதான நிகழ்வன்று. 2000-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் 216 நோயாளிகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர், முந்தைய மூன்று மாதங்களுக்குள் ஏதேனும் ஒருவகை மாயத்தோற்றம் கண்டிருந்தனர். சிட்னியில் நோயாளிகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, எஞ்சியிருந்தோரில் 74 விழுக்காட்டினருக்கு அவ்வனுபவம் இருந்தது.

தொடக்கம் மிக மென்மையானது. அருகில் யாரோ நிற்பதுபோன்ற உணர்வு. ஓரக்கண்ணில் பூனையோ நாயோ கடந்து போவதுபோன்ற தோற்றம். பின்னர் முழு உருவங்கள் வரும். பெரும்பாலும் பேசாத மனிதர்கள், குழந்தைகள், விலங்குகள். அவை மெய்யல்ல என்ற தெளிவு நெடுநாள் வரை இருக்கும். கேலிக்கு அஞ்சியே பலர் வாய்திறப்பதில்லை. தெளிவு கலையும்போதுதான் துன்பம் முற்றுகிறது. ஐம்பதாண்டு உடன் வாழ்ந்த மனைவி மேல் ஐயம், நகை களவு போயிற்று என்ற குற்றச்சாட்டு, மகனைப் பார்த்து நீ என் மகனில்லை என்ற மறுப்பு ஆகியவை குடும்பத்தை உடைத்துவிடக் கூடியவை. பேசியது அப்பாவா நோயா என்று பிரித்துக் காட்ட அந்த நேரத்தில் வீட்டில் யாருமிருப்பதில்லை.

இங்கேதான் வரலாறு நடைமுறைக்கு உதவுகிறது. மனக்கலக்கம் என்றதும் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்தைக் கொடுத்தால், அது டோபமைனைத் தடுத்து, சர்ப்பகந்தி செய்ததையே செய்யும். நோயாளி விறைத்துப் படுக்கையில் விழுவார். மாத்திரையால்தான் இப்படி என்று குடும்பத்தார் தாமாகவே லீவோடோப்பாவைத் திடீரென நிறுத்தினால், கடும் காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மாத்திரையோடு சேர்த்துப் பூனைக்காலிச் சூரணத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுத்துவருவது, அளவறியாத டோப்பாவை மேலும் கூட்டுவதாகும். மூலிகை என்பதால் அது மருந்தாகாமல் போய்விடாது.

மருத்துவர்கள் முதலில் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்ந்த வேறு மாத்திரை போன்றவை உண்டா என்று பார்ப்பர். ட்ரைஹெக்ஸிபெனிடில் போல அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மாத்திரைகளை முதலில் விலக்கி, பிறவற்றைப் படிப்படியாகக் குறைத்து, லீவோடோப்பாவில் இறுதியாகவே கை வைப்பர். அதற்கும் அடங்காவிடில் குளோசபின் மிகக் குறைந்த அளவில் உதவும் என்பது 1999-இல் வெளியான ஆய்வுகளால் உறுதியாயிற்று. அதற்கு இரத்த அணுக்களை முறையாகச் சோதித்துவர வேண்டும். கியூட்டியாபின் நடைமுறையில் பரவலாகத் தரப்படுகிறது. மறதியும் உடனிருந்தால் அசிட்டைல்கோலினைக் காக்கும் ரிவாஸ்டிக்மின் துணைசெய்யும்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. மாலையில் முன்கூட்டியே விளக்கேற்றி வைக்கலாம். நிழல் விழும் மூலைகளை ஒழுங்கு செய்யலாம். கண்புரை இருந்தால் சிகிச்சை செய்யலாம். முற்றத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று பெரியவர் சொன்னால், அப்படி யாருமில்லை என்று அதட்ட வேண்டியதில்லை. ஆமாம் என்று பொய் சொல்லவும் வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறதா, அவர்கள் பயமுறுத்துகிறார்களா என்று கேட்டால் போதும். அதற்கு அவர் சொல்லும் விடையே அடுத்தமுறை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய முதல் செய்தி.

பார்க்கின்சன் விட்டுவிட்ட வரியை மருத்துவ உலகம் எழுதிச் சேர்க்க ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரியில் கல்கத்தாவின் வேரும், சென்னையில் ஆராயப்பட்ட விதையும், வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிய மலைவாழ் பெண்களின் கைப்பக்குவமும் கலந்துள்ளன. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டில், நடுங்கும் கையோடு திண்ணையில் அமர்ந்து யாருக்கும் தெரியாத குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவருக்கு அந்த வரி சென்று சேரவேண்டும் என்பதே நம் விருப்பம்.